சதவீதத்திலிருந்து வாய்பாடு: கடைசி வரியில் சறுக்காமல் இருக்க

ஆய்வறிக்கையில் மூன்று எண்கள்: கார்பன் 68.47, ஹைட்ரஜன் 5.47, ஆக்சிஜன் 26.06. மூன்றும் நிறைச் சதவீதம். பொருள், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின். அதில் எத்தனை கார்பனுக்கு எத்தனை ஹைட்ரஜன், எத்தனை ஆக்சிஜன் என்பதை மிகச் சிறிய முழு எண்களில் எழுதினால் அதுதான் எளிய விகித வாய்பாடு. இலங்கைப் பாடநூல்களில் இதையே அனுபவச் சூத்திரம் என்பார்கள்.

கணக்கு நாலே வரி. முதல் மூன்றில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. தசமத்தை முழு எண்ணாக்கும் நாலாவது வரியில்தான் தேர்வில் மதிப்பெண்ணும், ஆய்வகத்தில் மாதக்கணக்கான உழைப்பும் போகின்றன. எனவே முதல் மூன்றைச் சட்டென்று முடித்துவிட்டு அந்த நாலாவதில் நிற்போம்.

முதல் மூன்று வரி

கையில் 100 கிராம் பொருள் இருப்பதாக வைத்துக்கொண்டால் சதவீதம் அப்படியே கிராமாகிவிடும். ஒவ்வொரு நிறையையும் அந்தத் தனிமத்தின் அணு நிறையால் வகுத்தால் மோல் கிடைக்கும்.

கார்பன்: 68.47 ÷ 12.011 = 5.7006
ஹைட்ரஜன்: 5.47 ÷ 1.008 = 5.4266
ஆக்சிஜன்: 26.06 ÷ 15.999 = 1.6289

மூன்றில் சிறியது 1.6289. எல்லாவற்றையும் அதனால் வகுங்கள்: 3.500 : 3.331 : 1.

இதற்குள் மூன்று இடங்களில் கவனம் தேவை. ஆக்சிஜனுக்கு 32 என்றும் நைட்ரஜனுக்கு 28 என்றும் போட்டு வகுப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. இங்கே எண்ணுவது அணுவை, வாயு மூலக்கூறை அல்ல. 16, 14 என்ற அளவில்தான் வகுக்க வேண்டும். இரண்டாவது, நடுவில் முழுமையாக்காதீர்கள். மோல்களை 5.7, 5.4, 1.6 என்று சுருக்கிவிட்டால் விகிதம் 3.56 : 3.38 : 1 ஆகிவிடும், பிறகு எந்த எண்ணால் பெருக்கினாலும் ஒட்டாது. நாலு இலக்கம் கடைசி வரை கூடவே வரட்டும். மூன்றாவது, தொடங்கும் முன் சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். 100-க்கு அரை சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு தனிமம் கணக்கில் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஆக்சிஜனாக இருக்கும், ஏனென்றால் வழக்கமான பகுப்பாய்வுக் கருவி அதை அளப்பதே இல்லை.

நாலாவது வரி

தசமத்தைப் பார்த்ததும் அது எந்தப் பின்னம் என்று தெரிய வேண்டும். இந்தச் சின்னப் பட்டியலை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது:

.50 என்றால் 2-ஆல் பெருக்கு
.33, .67 என்றால் 3-ஆல்
.25, .75 என்றால் 4-ஆல்
.20, .40, .60, .80 என்றால் 5-ஆல்

முழு எண்ணிலிருந்து 0.05-க்குள் விலகியிருந்தால் முழுமையாக்கலாம், 0.1 விலகினால் யோசிக்க வேண்டும்; அதற்கு மேல் என்றால் முழுமையாக்கக் கூடாது. இது சட்டம் அல்ல, கைப்பழக்கம். விகித எண் பெரிதாக ஆக இந்த எல்லையும் தளரும். 20-க்கு அருகில் 0.1 விலகல் என்பது அரை சதவீதப் பிழைதான். 1-க்கு அருகில் அதே 0.1 பத்து சதவீதம்.

மஞ்சளுக்கு வருவோம். கார்பன் 3.500, அது 2-ஐக் கேட்கிறது. ஹைட்ரஜன் 3.331, அது 3-ஐக் கேட்கிறது. இரண்டுக்கும் பொதுவானது 6. பெருக்கினால் 21.0 : 20.0 : 6. குர்குமினின் வாய்பாடு இதுதான்: 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன்.

அவசரக்காரர் என்ன செய்வார்? 3.5-ஐக் கண்டதும் 2-ஆல் பெருக்குவார். 7 : 6.66 : 2 வரும். 6.66-ஐ 7 என்று தள்ளிவிட்டு 7 : 7 : 2 என்று எழுதுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆசிரியர்கள் சொல்வதுபோல் விடையிலிருந்து சதவீதத்தைத் திரும்பக் கணக்கிட்டால் கார்பன் 68.28, ஹைட்ரஜன் 5.73, ஆக்சிஜன் 25.99 என்று வரும். அளந்த எண்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 0.19, 0.26, 0.07. கரிம வேதியியல் ஆய்விதழ்கள் பலவும் வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் எல்லை ±0.4. ஆக, தப்பு விடை சோதனையிலும் தேறிவிடுகிறது!

பெரிய மூலக்கூறுகளில் சதவீதம் மட்டும் முடிவைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அப்போது வேறு இரண்டு சான்றுகளைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

ஒற்றைப்படையா, இரட்டைப்படையா

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ள நிலையான மூலக்கூறில் ஹைட்ரஜன் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. நைட்ரஜனோ குளோரின், புரோமின் போன்ற ஹாலஜனோ இருந்தால், ஹைட்ரஜனோடு அவற்றையும் கூட்டிய மொத்தம் இரட்டைப்படையாக வர வேண்டும். கார்பன் நான்கு கை, ஆக்சிஜன் இரண்டு கை நீட்டும். ஒற்றைப்படைக் கை உள்ள அணுக்கள் ஜோடியாக இல்லாவிட்டால் எங்காவது ஒரு கை பிடிமானம் இல்லாமல் தொங்கும். அப்படித் தொங்கும் கை உள்ளவை தனி உறுப்புகள் (free radicals); அவை பெரும்பாலும் நிலைத்திருப்பதில்லை. விதிவிலக்காகச் சில உண்டு என்றாலும், மஞ்சள் தூள்போல ஆண்டுக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் பொருள்களில் தேட வேண்டியதில்லை.

காப்பியில் உள்ள காஃபீனை எடுங்கள். கார்பன் 49.48%, ஹைட்ரஜன் 5.19%, நைட்ரஜன் 28.85%, ஆக்சிஜன் 16.48%. மோல்கள் 4.120, 5.149, 2.060, 1.030. சிறியதால் வகுத்தால் பெருக்கலே தேவையில்லாமல் 4 : 5 : 2 : 1. ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 2, கூட்டினால் 7. ஒற்றைப்படை. மூலக்கூறு நிறை தெரிவதற்கு முன்பே, இந்த விகிதம் மூலக்கூறாக இருக்க முடியாது, குறைந்தது இரண்டு மடங்கு வேண்டும் என்று சொல்லிவிடலாம். மோலார் நிறை 194.19, எளிய விகித நிறை 97.1, மடங்கு 2. ஆகவே 8 : 10 : 4 : 2.

அதே அளவுகோலை 7 : 7 : 2-க்கு வையுங்கள். அதன் நிறை 123.13. குர்குமினின் மோலார் நிறை 368.4. வகுத்தால் 2.99. மூன்று என்று எடுத்தால் 21 : 21 : 6, நிறை 369.4. ஹைட்ரஜன் ஒற்றைப்படை, நிறையும் ஒன்று கூடுதல். இரண்டு வழியிலும் அடிபடுகிறது.

மோலார் நிறை முன்பே கையில் இருந்தால் சிறியதால் வகுக்கும் வேலையே வேண்டாம். மோலார் நிறையைச் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆலும் அணு நிறையாலும் வகுத்தால் அணு எண்ணிக்கை நேராகவே வரும். கார்பனுக்கு 368.4 × 68.47 ÷ 100 ÷ 12.011 = 21.0. இந்த வழியில் ஒரு தனிமத்தின் அளவீட்டுப் பிழை மற்றவற்றைத் தொடாது. பழைய வழியில் அப்படியல்ல: எதனால் வகுக்கிறோமோ அதன் பிழை எல்லா எண்ணிலும் ஏறிக்கொள்ளும். எங்களுக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஆனால் தேர்வுத் தாளில் படிகளுக்குத்தான் மதிப்பெண் என்பதால் இரண்டையும் பழகி வையுங்கள்.

சதவீதம் எங்கிருந்து வருகிறது

கார்பனையும் ஹைட்ரஜனையும் நேரடியாக எடைபோட முடியாது. எரித்து, வரும் கார்பன் டைஆக்சைடையும் நீரையும் பிடித்து எடைபோடுகிறோம். ஜெர்மனியின் கீசனில் வேதியியலாளர் லீபிக் 1831-இல் இதற்காக ஐந்து குமிழ் கொண்ட கண்ணாடிக் கருவி ஒன்றை அறிமுகப்படுத்தினார். குமிழ்களில் உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் கார்பன் டைஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் கால்சியம் குளோரைடு குழாய், நீருக்கு. வரிசை மாறக் கூடாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முதலில் வந்தால் நீரையும் சேர்த்தே விழுங்கிவிடும், கார்பன் கூடுதலாகவும் ஹைட்ரஜன் குறைவாகவும் தெரியும்.

ஒரு கணக்கு. வெனிலா மணத்துக்குக் காரணமான வெனிலின் 100.0 மி.கி. எரித்ததில் கார்பன் டைஆக்சைடு 231.4 மி.கி., நீர் 47.4 மி.கி. கிடைத்தன.

கார்பன் டைஆக்சைடில் கார்பனின் பங்கு 12.011 ÷ 44.009 = 0.27292. ஆகவே கார்பன் 63.15 மி.கி.
நீரில் ஹைட்ரஜனின் பங்கு 2.016 ÷ 18.015 = 0.11191. ஆகவே ஹைட்ரஜன் 5.30 மி.கி.
மீதி 31.55 மி.கி. ஆக்சிஜன்.

நீரில் இரண்டு ஹைட்ரஜன் என்பதை மறந்து 1.008-ஐப் போட்டால் ஹைட்ரஜன் பாதியாகிவிடும். இன்னொரு தவறு, வெளிவந்த கார்பன் டைஆக்சைடில் உள்ள ஆக்சிஜனைப் பொருளின் ஆக்சிஜனாக எண்ணுவது. அதில் பெரும்பகுதி எரிக்க நாம் செலுத்திய ஆக்சிஜன். பொருளில் உள்ளதை மொத்தத்திலிருந்து கழித்துத்தான் அறிய முடியும்.

மோல்கள், மில்லி அளவில்: 5.258, 5.262, 1.972. விகிதம் 2.67 : 2.67 : 1. மூன்றால் பெருக்கினால் 8 : 8 : 3. நிறை 152.15, வெனிலினின் மோலார் நிறையும் அதுவே.

இப்போது தராசு ஒரே ஒரு மில்லிகிராம் தவறட்டும். கார்பன் டைஆக்சைடு 232.4 என்று பதிவாகட்டும். கார்பன் 63.43 ஆகும். 0.28 தான் கூடியிருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் கழித்து வருவதால் அது 31.27 ஆகக் குறைகிறது, பிறகு அந்தக் குறைந்த எண்ணாலேயே வகுக்கிறோம். விகிதம் 2.70 : 2.69 : 1. பத்தால் பெருக்கி 27 : 27 : 10 என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு! கழித்து வரும் தனிமம் மற்ற எல்லாருடைய பிழைக்கும் குப்பைத் தொட்டி. அதையே அளவுகோலாக வைத்து வகுக்கும்போது பின்னம் கொஞ்சம் கோணலாக வந்தால், பெரிய எண்ணால் பெருக்கும் முன் 2.67-ஆக இருக்குமோ என்று ஒரு தடவை பாருங்கள். எளிய பின்னம் அருகில் இருந்தால் பெரும்பாலும் அதுவே விடை.

இன்றைய பகுப்பாய்வுக் கருவிக்கு 2 மி.கி. அளவு பொருள் போதும். அதை வெள்ளீயத் தகடுக் குப்பிக்குள் மடித்து, சுமார் 950 முதல் 1000 °செ. வெப்பத்தில் ஆக்சிஜனில் எரிப்பார்கள். கருவி சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க அசிட்டனிலைடு போன்ற தரப் பொருளை ஓட்டுவது வழக்கம்: கார்பன் 71.09, ஹைட்ரஜன் 6.71, நைட்ரஜன் 10.36 வர வேண்டும். அது சரியாக வந்து உங்கள் பொருள் மட்டும் வரவில்லை என்றால் குற்றம் கருவியில் இல்லை.

ஈரமும் தூசும்

அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தை. நமது குர்குமினில் 2% ஈரம் இருந்துவிட்டது என்று வையுங்கள். அறிக்கையில் கார்பன் 67.10, ஹைட்ரஜன் 5.59 என்று வரும்; கழித்தால் ஆக்சிஜன் 27.31. விகிதம் 3.27 : 3.25 : 1. நாலால் பெருக்கினால் 13.1 : 13.0 : 4. கூச்சமே இல்லாமல் முழு எண்ணாக வந்து நிற்கிறது, ஆனால் முழுக்கத் தவறு. கண்டுபிடிக்கும் வழி: கார்பன் குறைந்து ஹைட்ரஜன் கூடியிருந்தால் நீர் என்று பொருள். எத்தனால் போன்ற ஹைட்ரஜன் மிகுந்த கரைப்பான் தங்கியிருந்தாலும் ஹைட்ரஜன் ஏறும். வெற்றிட அடுப்பில், பொருள் உருகாத, சிதையாத வெப்பத்தில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும் வரை உலர்த்துங்கள். உலர்த்திய பிறகு திறந்து வைத்தால் பட்ட பாடு வீண்.

கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் அது ஈரம் இல்லை. எரியாத ஏதோ கலந்திருக்கிறது. பொருளைத் தூய்மையாக்கும் நிரல் பிரிகையில் பயன்படுத்திய சிலிக்கா தூள், அல்லது ஏதாவது உப்பு. அந்த நிலையில் மூன்றின் விகிதத்தை நம்பலாம், கழித்து எடுத்த ஆக்சிஜனை நம்பக் கூடாது.

புடக்குகையில் மெக்னீசியம்

பள்ளியில் கையால் செய்து பார்க்கும் சோதனை இது. மெக்னீசிய நாடாவை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, சுருட்டி, முன்பே சூடாக்கி ஆறவைத்து எடைபோட்ட புடக்குகையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) வையுங்கள். தேய்க்காமல் விட்டால் மேலே படிந்த ஆக்சைடையும் உலோகம் என்று எடைபோட்டுவிடுவீர்கள். மூடியோடு புடக்குகை 28.412 கிராம், நாடாவுடன் 28.724. ஆக மெக்னீசியம் 0.312 கிராம். மூடி போட்டுச் சூடாக்கி, இடுக்கியால் அவ்வப்போது மூடியை லேசாகத் தூக்கிக் காற்று விடுங்கள். வெள்ளைப் புகை வெளியேறினால் அது விளைபொருளே பறந்து போவது, உடனே மூடுங்கள். பற்றி எரிவதை உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கேடு.

ஆறியபின் எடை 28.921. சேர்ந்தது 0.197 கிராம். மெக்னீசியம் 0.01284 மோல், ஆக்சிஜன் 0.01231 மோல், விகிதம் 1.04 : 1. ஆக்சிஜன் குறைகிறது. காரணம் காற்றின் நைட்ரஜன்: சூடான மெக்னீசியம் அதோடும் சேர்ந்து நைட்ரைடு ஆகிறது. மூன்று மெக்னீசியத்துக்கு ஆக்சிஜன் என்றால் 48 சேரும், நைட்ரஜன் என்றால் 28 தான். தீர்வு, நன்றாக ஆறியபின் சில சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விடுவது. நைட்ரைடு சிதைந்து அம்மோனியா வாசம் வரும். பிறகு முதலில் மெதுவாக, அப்புறம் பலமாகச் சூடாக்கினால் மிஞ்சுவது ஆக்சைடு மட்டுமே. இப்போது எடை 28.929, சேர்ந்தது 0.205, விகிதம் 1.00 : 1. சூடான புடக்குகையில் நீர் விட்டால் அது விரிசல் விடும். சூடாகவே தராசில் வைத்தால், மேலெழும் காற்று தட்டைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும்.

மயில்துத்தத்தின் (காப்பர் சல்பேட்டின்) படிக நீரும் இதே கணக்குதான். தனிமத்துக்குப் பதிலாக நீரற்ற உப்பையும் நீரையும் மோலாக்க வேண்டும். 2.497 கிராம் மயில்துத்தம் சூடாக்கியதும் 1.596 கிராம் ஆனால், போன நீர் 0.901 கிராம். 1.596 ÷ 159.6 = 0.0100, 0.901 ÷ 18.015 = 0.0500. ஒன்றுக்கு ஐந்து. விடை 3.6 என்று வந்தால் நாலு நீர் மட்டும் போய், கடைசி ஒன்று விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கிறது (அதன் எடையும் உப்பின் கணக்கில் சேர்வதால்தான் 4 வராமல் 3.6 வருகிறது). அது கிளம்ப 200 °செ.க்கு மேல் வேண்டும். நீலம் முழுக்கப் போய் வெளிறும் வரை சூடாக்குங்கள். அதற்கு மேலும் பலமாகக் காய்ச்சி உப்பு கறுக்கத் தொடங்கினால் கந்தகத்தின் ஆக்சைடுகள் வெளியேறுகின்றன. அந்தச் சோதனையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

இரும்பில் ஒரு விதிவிலக்கு

ஹேமடைட்டில் இரும்பு 69.94%, ஆக்சிஜன் 30.06%. மோல்கள் 1.2524, 1.8789, விகிதம் 1 : 1.50, அதாவது 2 : 3. சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட்டில், தூய கனிமமாக எடுத்தால், இரும்பு 72.36%, ஆக்சிஜன் 27.64%. விகிதம் 1 : 1.33, அதாவது 3 : 4. இரண்டு கனிமங்களுக்கும் இரும்பில் இடைவெளி இரண்டரை சதவீதம்கூட இல்லை. தாதுவை அப்படியே பொடித்து அளந்தால் கூட வரும் குவார்ட்ஸின் ஆக்சிஜனும் சேர்ந்துவிடும். கனிமத்தைப் பிரித்தெடுத்த பிறகே இந்தக் கணக்கு செல்லும்.

மூன்றாவது ஆக்சைடு உஸ்டைட். பாடநூலில் 1 : 1 என்று எழுதியிருக்கும். அதை எவ்வளவு சுத்தமாகத் தயாரித்து அளந்தாலும் இரும்பு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகவே, 0.95 என்பதுபோல, வரும். இங்கே தராசும் தவறவில்லை, நீங்களும் தவறவில்லை. படிகத்தில் இரும்பு இருக்க வேண்டிய சில இடங்கள் உண்மையிலேயே காலி. மின்சுமையைச் சரிக்கட்ட மிச்ச இரும்பில் ஒரு பங்கு மும்மின்சுமை ஏற்றுக்கொள்கிறது. 20-ஆல் பெருக்கி 19 : 20 ஆக்க வேண்டாம், 1 என்று தள்ளவும் வேண்டாம். 0.95 : 1 என்றே எழுதுங்கள்.